டைம் கீப்பர் கொளஞ்சியின் மார்கழிச் சபதம்

"மார்கழி முழுக்க சைக்கிள்லதான்டி போவேன்! ஒரே ஒரு நாள் தவறுனாலும் இந்த ஸ்கூட்டர் சாவி உனக்கு. எழுதி வச்சிக்க!"

கார்த்திகை மாசத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது கொளஞ்சி இப்படி ஒரு சபதம் போட்டார். வாயில் தோசை இருந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது. கெட்ட நேரம், அப்போதுதான் விழுங்கி முடித்திருந்தார்.

கொளஞ்சிக்கு நாற்பத்தொன்பது வயசு. சொந்த ஊர் கீரப்பாளையம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம் கீப்பர். கடலூர் போகிற பஸ்ஸை எடுக்கச் சொல்லி விசில் ஊதுவார். மைக்கில் கூவுவார். ஒவ்வொரு பஸ்ஸும் வந்த நிமிஷம், கிளம்பிய நிமிஷம் எல்லாவற்றையும் டிரிப் ஷீட்டில் குறிப்பார். ஒரு நிமிஷம் தாமதமாக வந்த டிரைவரை ஒன்பது நிமிஷம் திட்டுவார். வீட்டிலும் அதே கதைதான். குளிக்க ஏழு நிமிஷம், சாப்பிட பதினொரு நிமிஷம், சாமி கும்பிட ஒன்றரை நிமிஷம். மனைவி வெண்மதி மட்டும்தான் அவருடைய ஷீட்டில் அடங்காத வண்டி.

சண்டை ஆரம்பித்தது இரண்டாவது தோசையில்.

"மாமா, வேலை கெடச்சிருச்சு."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வாய்க்கா மதகுக்கு அந்தாண்ட இருக்குல்ல பள்ளிக்கூடம், அங்க புள்ளைங்களுக்குக் காலைச் சாப்பாடு ஆக்கிப் போடுற வேலை. எங்க மகளிர் குழுவுலேருந்து எம்பேரைத்தான் எழுதிக் குடுத்தாங்க. பொங்கல் லீவு முடிஞ்சு தொறக்குற அன்னைக்கே வரச் சொல்லிட்டாங்க."

"பேஷ்! போயிட்டு வா."

"அஞ்சே முக்காலுக்கு அங்க அடுப்பைப் பத்த வச்சிடணும் மாமா."

"பஸ்ல போ."

"மொத பஸ்ஸு நம்ம ஸ்டாப்புக்கே அஞ்சு அம்பதுக்குத்தான் வருது. நீங்கதானே டைம் கீப்பரு? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அஞ்சு ஐம்பதுக்கு இங்கே, ஆறு பதினைந்துக்குச் சிதம்பரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"அப்ப எதுல போவ?"

"நம்ம ஸ்கூட்டருல."

கொளஞ்சியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அந்த ஸ்கூட்டரை அவர் துடைக்கிற துணியால் வேறு எதையும் துடைக்கக் கூடாது. அதன் மேல் காக்கா உட்கார்ந்தால் காக்காவோடு சண்டைக்குப் போவார்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"கத்துக்கிறேன்."

"நான் எதுல வேலைக்குப் போறது?"

"சைக்கிள் சும்மாதானே கெடக்கு?"

"அந்தச் சைக்கிள்ல நீ போயேன்! நாலு கிலோமீட்டருதானே? நல்ல எக்ஸசைஸு."

வெண்மதி தோசைக் கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பனி கொட்டுற நேரத்துல, கும்மிருட்டுல, சைக்கிள்லயா? காது அடைச்சிக்கும். நெஞ்சு கட்டிக்கும். பேசுறது சுலபம் மாமா. உங்களால ஒரு நாள் முடியுமா?"

உங்களால முடியுமா. இந்த ரெண்டு வார்த்தையை வைத்துத்தான் கல்யாணமான இருபத்திமூன்று வருஷமாக வெண்மதி அந்த வீட்டில் அவரைப் பரணைச் சுத்தம் செய்ய வைத்திருக்கிறாள், கிணற்றுக்கு மூடி போட வைத்திருக்கிறாள், மாமியார் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்க வைத்திருக்கிறாள். கொளஞ்சிக்கு அது தெரியாது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு ரோசம் வந்துவிடும், அவ்வளவுதான் தெரியும். வந்தது. சபதம் போட்டார்.

"நான் மார்கழி முழுக்க ஓட்டிட்டேன்னு வச்சிக்க?"

"நீங்க ஜெயிச்சா தை மாசத்துலேருந்து நான் சைக்கிள்லயே போறேன். ஸ்கூட்டர் பேச்சே எடுக்க மாட்டேன். மெகர் அக்கா, கேட்டுக்குங்க, நீங்கதான் சாட்சி!"

பக்கத்து வீட்டு மெகருன்னிசா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அல்லாவே! அண்ணே, மார்கழின்னா முழுசா ஒரு மாசம் அண்ணே!" என்றாள்.

கொளஞ்சி எழுந்து போய்த் தினசரிக் காலண்டரைப் புரட்டினார். இந்த வருஷம் மார்கழிக்கு இருபத்தொன்பது நாள்தான். ஒரு நாள் மிச்சம். அப்போதே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

*

ஆனால் கொளஞ்சி ஏமாந்த ஆள் இல்லை. பெண்டாட்டி சும்மா இருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். டயரில் காற்றைப் பிடுங்குவாள். அலாரத்தை அணைப்பாள். ராத்திரி சோற்றில் எதையாவது கலந்து காலையில் எழ முடியாமல் செய்வாள். அதனால் அவர் முன்னேற்பாடு செய்தார்.

சைக்கிளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து கட்டிலோடு சேர்த்துச் சங்கிலி போட்டார். காற்றடிக்கிற பம்பைத் தலையணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். ஸ்கூட்டர் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். போதாதென்று, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு டிரிப் ஷீட் எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டினார்.

வீடு 5.00. ரைஸ் மில் 5.09. வாய்க்கால் மதகு 5.22. பைபாஸ் 5.40. பஸ் ஸ்டாண்டு 5.52.

"இது எதுக்கு மாமா?"

"நான் எந்த நிமிஷத்துல எங்க இருப்பேன்னு நீ தெரிஞ்சிக்கணும். ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆவாது. டைம் கீப்பர்னா சும்மாவா?"

வெண்மதி அந்தத் தாளை ரெண்டு தரம் படித்தாள். "ரொம்ப உபயோகமா இருக்கும் மாமா" என்றாள்.

மார்கழி ஒன்றாம் தேதி. ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம். சாமி அலமாரிக்கு முன்னால் நின்று, விபூதித் தட்டில் விரலை விட்டு நெற்றியில் இழுத்து, "என் வண்டியைக் காப்பாத்து தாயே" என்று ஒன்றரை நிமிஷம் கும்பிட்டுவிட்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கொளஞ்சி கிளம்பினார்.

அன்றைக்குக் குளிர் இருபது டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. காஷ்மீர்க்காரன் கேட்டால் சிரிப்பான். சிரிக்கட்டும். நாங்கள் மே மாசத்து அக்கினி வெயிலில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடப்போம், அவன் நடப்பானா? கீரப்பாளையத்துக்காரனுக்கு இருபது டிகிரி என்றால் அது பல் கிட்டுகிற குளிர்தான். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நெல் வயல். வயலில் தண்ணீர். தண்ணீருக்கு மேலே பனி. அந்தப் பனி முழுக்க எழுந்து வந்து கொளஞ்சியின் காதுக்குள் புகுந்தது. மூக்கு தனியாக ஒரு வாய்க்கால் வெட்டியது. பிரேக்கைப் பிடித்திருந்த விரல்கள் யாருடையவோ மாதிரி இருந்தன. சீட்டில் உட்கார்ந்து மிதிக்கிறபோதெல்லாம் அரைஞாணில் முடிந்த சாவி ஐஸ் துண்டாக அடிவயிற்றில் பட்டுப் பட்டு, ஒன்பது கிலோமீட்டரும் அவர் 'ஸ்ஸ்' என்றுகொண்டே போனார்.

பஸ் ஸ்டாண்டில் நைனா முகம்மதின் டீக்கடை வாசலில் இறங்கும்போது மணி ஐந்து ஐம்பத்திரண்டு. நைனா முகம்மது மெகருன்னிசாவின் வீட்டுக்காரர். கொளஞ்சியும் அவரும் சின்ன வயசிலிருந்து மாமன் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்னா மச்சான், மூஞ்சி நீலமா இருக்கு?"

கொளஞ்சி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பல்தான் பேசியது. ரெண்டு டீயை உள்ளே ஊற்றிய பிறகுதான் விசில் ஊதுகிற அளவுக்கு உதடு குவிந்தது. கடலூர் வண்டி டிரைவர் சாமிக்கண்ணு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே, "டைம் கீப்பரே, நாளைக்கு லீவா?" என்று கேட்டான்.

"நான் செத்தாதான்யா லீவு!"

*

ஷிப்ட் முடிந்து மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கொண்டாங்க மாமா, தலை அளவு எடுக்கணும்."

"எதுக்கு?"

"இன்னைக்கு நீங்க துண்டைக் கட்டிக்கிட்டுப் போனதைப் பாத்து எனக்கு மனசே கேக்கல. பந்தயம் கெடக்கட்டும் ஒரு பக்கம். உங்க ஒடம்பு முக்கியமில்லையா?"

கொளஞ்சி குனிந்து தலையைக் காட்டினார். எப்பேர்ப்பட்ட பெண்டாட்டி! இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று, அன்றைக்கு ராத்திரியே பம்பைத் தலையணைப் பக்கத்திலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

முதலில் வந்தது குல்லா. பழைய மங்கி குல்லாவைப் பிரித்து, காது வருகிற இடத்தில் தலையணைப் பஞ்சை உள்ளங்கை கனத்துக்கு வைத்துத் தைத்திருந்தாள். போட்டதும் உலகமே அமைதியாகிவிட்டது. அவள் வாய் அசைந்தது.

"என்னா?" என்று கத்தினார் கொளஞ்சி.

அவள் குல்லாவைத் தூக்கி, "காது கேக்குதான்னு கேட்டேன்" என்றாள்.

"ஒண்ணும் கேக்கல!"

"அப்ப சரியாத்தான் இருக்கு. குளிரு பூரா காது வழியாத்தான் உள்ள போவுது."

மறுநாள் கையுறை. கடலூரில் காலேஜ் படிக்கிற மகள் பள்ளிக்கூடத்தில் போட்ட வெள்ளை சாக்ஸ் ரெண்டு, கட்டைவிரலுக்கு மட்டும் ஓட்டை. அதற்கு மேல் பனி இறங்காமல் இருக்கப் பால் கவர், மணிக்கட்டில் ரப்பர் பேண்டு. அதற்கடுத்த நாள் மார்புக்கும் முதுகுக்கும் ஒரு கோட்டு. காற்று புகாத சாமான் எது இருக்கிறது என்று யோசித்து, தெருமுனையில் கிழிந்து தொங்கிய ஒரு மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸைக் கேட்டு வாங்கி வந்து வெட்டித் தைத்துவிட்டாள். துணி பத்தாததால் முதுகில் 'வருக வருக' என்கிற எழுத்து அப்படியே நின்றுவிட்டது. அதற்குக் கீழே, லாரி விளக்கு பட்டால் பளபளக்கிற சிவப்பு ஸ்டிக்கர் நாலு.

"இது என்னாத்துக்கு?"

"பின்னால வர்றவுங்க உங்களைத் தூரத்துலேருந்தே பாத்துடணும் மாமா. அதான் பாதுகாப்பு."

கடைசியாகக் கண்ணுக்கு. ரெண்டு லிட்டர் சோடா பாட்டிலை வெட்டி முகத்துக்கு ஒரு மறைப்பு. ரெண்டு பக்கமும் பழைய குடைத் துணியில் மடல். போட்டால் முன்னால் இருப்பது கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியவே தெரியாது. ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கண் பட்டை கட்டுவார்களே, அதே ஏற்பாடு.

"பக்கவாட்டுல ஒண்ணும் தெரியலையே!"

"எதுக்குத் தெரியணும்? நேரா பாத்துப் போனாத்தானே சைக்கிளு நேரா போவும்?"

நியாயமான பேச்சு. கொளஞ்சியால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

அந்த வேஷத்தில் அவர் முதல் நாள் போனபோது ரைஸ் மில் நாய் குரைக்க வந்து, பார்த்துவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. ஆனால் குளிர்? சொட்டுக் குளிர் இல்லை! பிளெக்ஸுக்குள் வேர்த்தது. ஐந்தே நாளில் கொளஞ்சிக்குச் சைக்கிள் பிடித்துப்போய்விட்டது. பத்தாம் நாள் பைபாஸை இரண்டு நிமிஷம் முன்னதாகவே தொட்டுவிட்டு, ஷீட் தப்பாகிவிடுமே என்று அங்கேயே நின்று மணியைப் பார்த்து அப்புறம் போனார்.

*

ஒரே ஒரு தொந்தரவு. பன்னிரண்டாம் நாள் சாப்பிடும்போது அதைச் சொன்னார்.

"வெம்மதி, எவனோ ஒரு பொறுக்கிப் பய தெனமும் மதகுகிட்ட என்னை உரசுற மாதிரி ஸ்கூட்டர்ல போறான்."

வெண்மதியின் கை ரசக் கரண்டியோடு நின்றது. "எப்புடி இருப்பான்?"

"யாருக்குத் தெரியும்? பாட்டில் வழியா எல்லாம் புகையாத்தான் தெரியுது. செவப்பு ஹெல்மெட்டு. நம்ம ஹெல்மெட்டு மாதிரியே. வண்டியும் நம்ம கலருதான். இந்தக் கலரு ஊருக்கு நூறு ஓடுது. ஓட்டத் தெரியாத பய. இப்பிடிக்கா அப்பிடிக்கான்னு ஆடிக்கிட்டே போறான். பின்னால வேற ஒரு ஆளை ஒக்கார வச்சிருக்கான்."

"புதுசா கத்துக்கிறானோ என்னமோ. பாவம்."

"கத்துக்கிறவன் ஹாரன் அடிக்க வேணாமா?"

"அடிச்சிருப்பான் மாமா. உங்களுக்குக் காதுல பஞ்சு."

ஒரு வாரம் கழித்து அவரே மறுபடி சொன்னார். "அந்தப் பய தேவலை வெம்மதி. இன்னைக்கு லைட்டை டிம் பண்ணி, நல்லா எடம் விட்டு ஒதுங்கிப் போனான். தனியாத்தான் போறான். ஆட்டமும் நின்னுடுச்சு."

"நெசமாவா மாமா?" வெண்மதியின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா ஓட்டுறானா?"

"சும்மா சொல்லக் கூடாது. நம்ம சாமிக்கண்ணுவே அவன்கிட்ட கத்துக்கலாம்."

அன்றைக்கு ராத்திரி கொளஞ்சிக்குக் கேட்காமலே ஒரு அப்பளம் கூடக் கிடைத்தது.

இன்னொரு நாள் மத்தியானம், ஸ்கூட்டரின் மேல் போர்த்தியிருந்த பழைய புடவையைத் தூக்கிப் பாசத்தோடு தடவிப் பார்த்தார். சூடாக இருந்தது.

"என்னா வெம்மதி, வண்டி சுடுது?"

"வெயில்ல நிக்குதுல்ல."

பார்த்தார். வெயில் அடித்தது உண்மைதான். கிலோமீட்டரைப் பார்க்கலாம் என்றால் மீட்டர் ஒயர் அறுந்து ரெண்டு வருஷம். அதோடு விட்டுவிட்டார்.

இருபதாம் நாள்தான் உண்மையான சோதனை வந்தது. முந்தின நாள் தூறலில் நனைந்ததில் ஜுரம். மூக்கு அடைத்துவிட்டது. உடம்பு முழுக்க யாரோ உலக்கையால் இடித்த மாதிரி வலி. காலையில் நாலு நாற்பதுக்கு அலாரம் அடித்தது. கொளஞ்சி எழவில்லை. போர்வைக்குள் கிடந்து யோசித்தார். தோற்றுவிடலாமா? அவளும் பாவம். சாவியைக் கொடுத்துவிட்டு இன்னும் ரெண்டு மணி நேரம் தூங்கினால் என்ன?

போர்வை பறந்தது.

"எழுந்திரிங்க மாமா! மணி நாலு நாப்பத்திநாலு!"

"முடியல வெம்மதி. நீயே ஜெயிச்சிக்க."

"நல்லா இருக்கே கதை! இருபது நாளு பாடுபட்டுட்டு இன்னைக்கு உடுவீங்களா? ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. என் புருசன் தோத்துட்டாருன்னு நாலு பேரு சொன்னா நான் எப்பிடி வெளியில தலை காட்டுறது?" சுக்குக் கஷாயத்தை வாயில் ஊற்றினாள். குல்லாவை மாட்டினாள். பிளெக்ஸைப் பூட்டினாள். சாக்ஸை இழுத்துவிட்டாள். சைக்கிளை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டுவந்து, அவரை ஏற்றி, பின்னாலிருந்து ஒரு தள்ளும் தள்ளிவிட்டாள்.

மிதித்துக்கொண்டே கொளஞ்சி அழுதார். சோடா பாட்டில் முழுக்க ஆவி. தான் தோற்றால் லாபம் என்று தெரிந்தும் புருஷனை ஜெயிக்க வைக்கிற ஒரு பெண்டாட்டி! அன்றைக்கு அவர் ஒரு முடிவு செய்தார். என்ன ஆனாலும் சரி, அவளுக்காகவாவது ஜெயித்தே தீருவது. இனி ஒரு அடி பின்வாங்கினால் தன் பேர் கொளஞ்சி இல்லை.

*

போகி அன்று காலை. மார்கழி இருபத்தொன்பது. ஊரெல்லாம் பழைய பாய், கிழிந்த கூடை எரிகிற புகை. புகையும் பனியும் கலந்து முன்சக்கரமே தெரியவில்லை. தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன! கொளஞ்சிக்கு ரோடு காலுக்கே மனப்பாடம். மதகுகிட்ட அந்தச் சிவப்பு ஹெல்மெட்டுக்காரன் கடந்து போனான். போகிறபோது கையை உயர்த்தி டாட்டா காட்டினான். கொளஞ்சியும் பால் கவர் கையை ஆட்டினார். நல்ல பையன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பஸ் ஸ்டாண்டில் நுழைந்தார். நுழைந்தவுடன் சாமிக்கண்ணு பஸ் ஹாரனை நீளமாக அடித்தான். பஞ்சையும் தாண்டிக் கேட்டது. டிரைவர், கண்டக்டர், பூக்காரம்மா, முதல் பஸ்ஸுக்கு வந்த ஜனங்கள் எல்லாரும் டீக்கடை முன்னால் கூடியிருந்தார்கள். நைனா முகம்மது ஒரு சால்வையை விரித்து, பிளெக்ஸின் மேலேயே போர்த்தினார். ஒரே கைதட்டல். கொளஞ்சிக்குத் தலை கால் புரியவில்லை. குல்லாவைக் கழற்றி, தன்னுடைய மைக்கைத் தானே கையில் எடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த உலகத்துல மன உறுதி இருந்தா..."

"மச்சான்," என்று நைனா முகம்மது குறுக்கே வந்தார், "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்த உறுதி மார்கழியோட முடிஞ்சிடுமா? தை பொறந்ததும் ஸ்கூட்டர்ல ஏறிடுவியா?"

கூட்டம் சிரித்தது. சாமிக்கண்ணு தலையை வெளியே நீட்டி, "ஏறிடுவாரு, ஏறிடுவாரு" என்றான். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"உங்களால முடியுமா?"

யார் என்று பார்க்கக்கூட இல்லை. ரோசம் வந்துவிட்டது. மைக் கையில் இருந்தது.

"யாரைப் பாத்து என்னா கேள்வி கேக்குறீங்க? மார்கழி என்னா மார்கழி! உசுரு இருக்குற வரைக்கும் கொளஞ்சிக்குச் சைக்கிள்தான்! அந்த ஸ்கூட்டரை இனிமே ஒரு விரலாலகூடத் தொட மாட்டேன்! தொட்டா இந்த பஸ் ஸ்டாண்டுல எவன் வேணாலும் என்னைக் கேக்கலாம்!"

ஸ்பீக்கர் அதை எட்டாம் நம்பர் பிளாட்பாரம் வரைக்கும் கொண்டுபோனது. கைதட்டல் ஓயவே இல்லை. எல்லாரையும்விட சத்தமாகத் தட்டியது கூட்டத்தின் பின்னால் நின்ற அந்தப் பெண். கொளஞ்சி அப்போதுதான் பார்த்தார். வெண்மதி.

பாசம் பொங்கியது. "வெம்மதி! எனக்காக இவ்வளவு காலையில வந்தியா?"

"நான் வராம? சால்வையே நான்தானே வாங்கியாந்தேன்."

கொளஞ்சி பூரித்துப்போனார். பழக்கதோஷத்தில் கை கடிகாரத்துக்குப் போனது. ஐந்து ஐம்பத்தெட்டு.

டைம் கீப்பர் மூளை அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. முதல் பஸ் கீரப்பாளையம் ஸ்டாப்புக்கு வருவதே ஐந்து ஐம்பது. சிதம்பரத்துக்கு வருவது ஆறு பதினைந்து. இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கிறது. தான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது இவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ எந்த பஸ்ல வந்த?"

வெண்மதி மெதுவாக நகர்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், டீக்கடைச் சுவரோரமாக, பனி சொட்டச் சொட்ட அவருடைய ஸ்கூட்டர் நின்றது. கண்ணாடியில் சிவப்பு ஹெல்மெட் தொங்கியது. சீட்டில் மெகருன்னிசா உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள்.

கொளஞ்சியின் கை தானாக இடுப்புக்குப் போய் அரைஞாணைத் தடவியது. சாவி இருந்தது.

"அது மொத சாவி மாமா. வண்டி வாங்குன அன்னைக்கு ரெண்டு சாவியையும் சாமிகிட்ட வச்சோம், நீங்க ஒண்ணைத்தானே எடுத்தீங்க? இன்னொண்ணு விபூதித் தட்டுக்கு அடியிலயே இருந்துச்சு. தெனமும் அது முன்னாடி நின்னுதானே கும்புட்டீங்க?"

"அந்தப் பொறுக்கிப் பய..."

"நான்தான். பின்னால ஒக்காந்து கத்துக் குடுத்தது மெகர் அக்கா. நீங்க ஷீட்டு எழுதி ஒட்டுனது ரொம்ப சௌகரியம் மாமா. நீங்க ரைஸ் மில்லைத் தாண்டுனப்புறம்தான் வண்டியை வெளியில எடுப்போம். முதுகுல ஸ்டிக்கரு பளபளன்னதும் உஷாராயிடுவோம்."

"லைசன்ஸ் இல்லாமயா ஓட்டுன?"

"எட்டுப் போட்டு லைசன்ஸு வாங்கி நாலு நாளாச்சு. எல்.எல்.ஆர். ஐப்பசியிலயே எடுத்தாச்சு."

"ஐப்பசியிலயா? நாம பந்தயம் போட்டதே கார்த்திகை கடைசியிலதானே!"

வெண்மதி சால்வையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"அது சரிடி. நான் தோத்திருந்தா அன்னைக்கே சாவி உன் கைக்கு வந்திருக்குமே. ஜுரத்துல படுத்தவனை எதுக்கு எழுப்பித் தள்ளிவிட்ட?"

"தோத்துக் குடுத்தீங்கன்னா நாலே நாளுல மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுத் திருப்பிப் புடுங்கிக்குவீங்க. ஜெயிச்சு, நாலு பேரு முன்னாடி, மைக்குல குடுத்தீங்கன்னா ஆயுசுக்கும் கேக்க மாட்டீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

கொளஞ்சி நைனா முகம்மதைப் பார்த்தார். அவர் டீ ஆற்றுவதில் மும்முரமாக இருந்தார். சாமிக்கண்ணுவைப் பார்த்தார். அவன் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எதையோ தேடினான், முதுகு மட்டும் குலுங்கியது. மணி ஆறு ஏழு. ஆறு ஐந்துக்குக் கிளம்ப வேண்டிய கடலூர் வண்டி ரெண்டு நிமிஷம் லேட். இருபது வருஷ சர்வீஸில் முதல் தடவை. விசிலைத் தேடி எடுத்து வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது.

வெண்மதி ஹெல்மெட்டை மாட்டி, வண்டியை ஒரே அழுத்தில் ஸ்டார்ட் செய்து, பின்னால் மெகருன்னிசாவோடு அழகாக அரைவட்டம் போட்டுத் திரும்பி அவர் பக்கத்தில் ஒரு நொடி நிறுத்தினாள்.

"மறக்காம அந்தக் குல்லாவை இன்னைக்கே போகி நெருப்புல போட்டுடுங்க மாமா. இனிமே நான் பின்னால வந்து ஹாரன் அடிச்சா, உங்களுக்குக் காது கேட்டு ஓரமா ஒதுங்கணும்."